பாதி பத்திரமான வண்டி

1946-ஆம் வருஷம். யுத்தம் முடிந்து சேனைகள் கலைந்துகொண்டிருந்த சமயம். வங்காளத்தில் கலைகுண்டா என்னும் ஊரின் விமானத் தளத்தில், இந்திய ராணுவத்தில் பணிபுரிந்த பென் கார்லின் என்ற ஆஸ்திரேலியர் விசித்திரமான வாகனம் ஒன்றைக் கண்டார். மேலே பார்த்தால் படகு; குனிந்து பார்த்தால் நான்கு சக்கரங்கள். கொஞ்சம் சீர்திருத்தினால் இதிலேயே உலகத்தைச் சுற்றி வந்துவிடலாம் என்று நண்பரிடம் சொன்னாராம். இப்படிச் சொல்பவர்கள் மறுநாளே மறந்துவிடுவது வழக்கம். கார்லின் மறக்கவில்லை.

அந்த வண்டி யுத்த காலத்தில் போர்டு கம்பெனியார் செய்தது. நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் ஜீப்பேதான். அதைச் சுற்றி இரும்புத் தகட்டால் படகு போன்ற உடல், பின்புறம் தண்ணீரைத் தள்ளும் விசிறி. ஆற்றையும் ஏரியையும் கடப்பதற்கென்று ஏற்பட்டதேயன்றிச் சமுத்திரத்துக்கென்று ஏற்பட்டதன்று. விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உயரம் சொற்பம். சற்றே பெரிய அலை வந்தால் உள்ளே தண்ணீர்தான்.

1947-இல் அமெரிக்காவில் அத்தகைய வண்டி ஒன்றைக் கார்லின் ஏலத்தில் எடுத்தார். முன்புறத்தை நீட்டினார், மேற்பாகத்தை மூடி ஓர் அறை கட்டினார், சுக்கானைப் பெரிதாக்கினார். அறை என்றதும் நேயர்கள் பெரிதாக எண்ணிவிடக் கூடாது. ஒருவர் ஓட்ட, மற்றொருவர் முடங்கிப் படுக்கலாம், அவ்வளவே. அந்த மற்றொருவர், 1948-இல் அவர் மணந்துகொண்ட எலினோர் என்னும் மாது. வண்டிக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஹாப் ஸேப்', அதாவது பாதி பத்திரம். ஏதோ ஒரு விளம்பரத்தில் கேட்ட சொல்லாம்.

எல்லாவற்றிலும் கஷ்டமானது பெட்ரோல் விஷயம். வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் நடத்தும்போது இந்த வண்டியைத்தான் நான் உதாரணம் காட்டுவது. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்குகிறது. 100 காலன் பெட்ரோல் 700 ராத்தலுக்கு மேல் இருக்கும். ஏற்றினால் வண்டி அந்த அளவுக்கு அமிழும். ஏற்றாவிட்டாலோ நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிடும். முன்புறம் ஒரு தொட்டி, அடிவயிற்றில் ஒரு தொட்டி என்று பொருத்தியும் போதவில்லை. கடைசியில் தனித் தொட்டி ஒன்றைக் கட்டிப் பின்னால் இழுத்துச் சென்றார்கள். பெட்ரோல் தண்ணீரைவிட இலேசானதல்லவா? தொட்டி தன் பாரத்தைத் தானே சுமந்துகொண்டு மிதந்து வரும். "கட்டு அறுந்தால், ஸார்?" என்று ஒரு பையன் கேட்டான். அதற்கு ஆர்க்கிமிடீஸிடம் பதில் இல்லை.

தரையில் நிலைமை வேறு. நீர் தாங்கிய எடையை அங்கே வில்லும் டயரும் தாங்க வேண்டும். நெடுந்தூரப் பிரயாணத்துக்கு ஜீப்பைத் தயார் செய்வோர் இன்றும் படும் பாடு இதுதான். தண்ணீர், பெட்ரோல், கருவிகள், படுக்கை என்று சேர்க்கச் சேர்க்க, எந்தப் பாதைக்காகச் சேர்த்தார்களோ அந்தப் பாதையிலேயே வண்டி தள்ளாடுகிறது.

சில தடவை புறப்பட்டுத் திரும்பிய பிறகு, 1950 ஜூலையில் கானடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தை விட்டார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அசோர்ஸ் தீவுகள். எலினோருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவேயில்லை; தலைசுற்றலும் வாந்தியும் ஓயவில்லை. அந்தப் பெட்டிக்குள், எஞ்சின் இரைச்சலுக்கும் பெட்ரோல் நெடிக்கும் நடுவே, தம் முறை வந்தபோதெல்லாம் எழுந்து சுக்கானைப் பிடித்தார் அவர். கார்லினின் துணிவைப் புகழ்கிறவர்கள் இதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

1951-இல் ஆப்பிரிக்காவில் கரையேறி, மொராக்கோவைக் கடந்து, ஜிப்ரால்டர் ஜலசந்தியையும் வண்டியிலேயே தாண்டி, ஐரோப்பா வழியாக இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அங்கே வண்டியைச் செப்பனிட்டு, 1955-இல் மறுபடி புறப்பட்டு, மேற்கு ஆசியாவைக் கடந்து கல்கத்தா வந்தார்கள்.

அதன் பிறகு எலினோர் விலகிக்கொண்டார், விவாகமும் ரத்தாயிற்று. வண்டியில் எத்தனையோ மாறுதல் செய்த மனிதர், தம்மோடு இன்னொருவர் வாழத் தக்கதாக அதை மாற்றவேயில்லை என்பது என் அபிப்பிராயம். வேறு துணைவர்களோடு பர்மா, ஜப்பான், அலாஸ்கா என்று சுற்றி, 1958 மே மாதம் மான்ட்ரீல் நகரில் கார்லின் யாத்திரையை முடித்தார். தரையில் சுமார் 39,000 மைல். நீரில் சுமார் 11,000 மைல்.

1981-இல் அவர் காலமானார். பெர்த் நகரில் அவர் படித்த கில்ட்போர்டு பள்ளிக்கூடத்துக்கே அந்த வண்டி போய்ச் சேர்ந்தது.