மறைத்துக் காட்டும் வரைபடம்

சதுரங்கப் பலகையில் ஒளிவு மறைவு கிடையாது. நம் நாட்டிலே தோன்றிப் பாரசீகத்தின் வழியாக மேல்நாடுகளுக்குச் சென்ற அவ்விளையாட்டில், எதிரியின் யானை எங்கே நிற்கிறது, குதிரை எங்கே பாயக்கூடும் என்பன இரு தரப்பாருக்கும் கண்ணெதிரே விளங்கும். தெரியாதது எதிரியின் மனம் ஒன்றுதான். உண்மைப் போரோ இதற்கு நேர்மாறானது. மலைக்கு அப்பால் நிற்பது ஒரு படையா, ஒரு பட்டாளமா, அல்லது வெறும் ஆட்டு மந்தையா என்பது தளபதிக்குத் தெரியாது. பிரஷ்யா நாட்டுப் போரியல் அறிஞர் கிளாஸ்விட்ஸ், அவர் மறைந்த பின் 1832-இல் வெளிவந்த தம் பெருநூலில், இந்த நிச்சயமின்மையை மூடுபனியோடு ஒப்பிட்டார். வரைபடத்தின் ஒரு பகுதியைக் காட்டி மறு பகுதியை மறைக்கும் உத்திக்கு இன்று விளையாட்டு உலகில் ‘போர்மூடுபனி’ என்றே பெயர் வழங்குகிறது. அந்த உத்தியைப் பற்றியே இங்குச் சிறிது ஆராயப் புகுகிறோம்.

சதுரங்கத்திலிருந்து மூடுபனிக்குச் சென்ற பாதை சுவையானது. 1780-இல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் ஹெல்விக் என்பவர் சதுரங்கத்தை விரிவாக்கி, நிலத்தின் மேடு பள்ளங்களையும் கட்டங்களில் குறித்து, ஒரு போர் விளையாட்டை வகுத்தார். அவ்வழியில் வந்தவர்களுள் பிரஷ்யப் பீரங்கிப் படையைச் சேர்ந்த ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, தம் தந்தையார் தொடங்கி வைத்த விளையாட்டைத் திருத்தி 1824-இல் விதிகளாக வெளியிட்டார். அவர் செய்த மாறுதல்களுள் முக்கியமானவை இரண்டு. கட்டங்களை நீக்கி, 8,000-இல் ஒரு பங்கு அளவில் வரைந்த உண்மையான நிலப்படத்தை மேசைமேல் விரித்தார். இரு தரப்பாருக்கும் நடுவே நடுவர் ஒருவரை அமர்த்தினார். ஆடுபவர்கள் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் தருவார்கள். எந்தப் படை எந்தப் படையின் கண்ணில் படும் என்பதை நடுவர் தீர்மானித்து, கண்ணில் படுபவற்றை மட்டுமே படத்தின்மேல் வைப்பார். 1899-இல் இங்கிலாந்தில் ஹென்றி மைக்கேல் டெம்பிள் சதுரங்கத்தையே இம்முறைக்குத் திருப்பினார். ஆடுபவர் ஒவ்வொருவருக்கும் தம் காய்கள் மட்டும் தெரியும் தனிப் பலகை. எல்லாக் காய்களும் உள்ள மூன்றாவது பலகை நடுவரிடம். எல்லாம் அறிந்த நடுவர் ஒருவர் இருந்தால்தான் மற்றவர்கள் அறியாமையோடு நேர்மையாக விளையாட முடியும் என்பதை இவ்விரண்டும் காட்டின.

அந்த நடுவரே 1974-இல் வேறொரு கோலத்தில் தோன்றுகிறார். அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து, கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற போர் விளையாட்டு ஆர்வலர் இருவர் இயற்றிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் விளையாட்டு மூன்று சிறு புத்தகங்களாக ஒரு பெட்டியில் வெளிவந்தது. இது வெற்றி தோல்விக்கான ஆட்டமன்று. பாத்திரமேற்றுக் கதையை நடத்திச் செல்லும் ஆட்டம். ஒருவர் போர்வீரனாகவும், ஒருவர் மந்திரவாதியாகவும், ஒருவர் பூசாரியாகவும் தம்மைப் பாவித்துக்கொண்டு, பாழடைந்த நிலவறைகளுள் புகுவர். அந்த நிலவறைகளைக் கட்டம் போட்ட தாளில் முன்னரே வரைந்து வைத்திருப்பவர் நடுவர். அந்தத் தாளை மற்றவர்கள் பார்க்கலாகாது. பாத்திரங்கள் காண்பதை அவர் வாயால் சொல்லுவார்; ஆடுபவர்களுள் ஒருவர் அதைக் கேட்டுத் தம் தாளில் வரைந்துகொண்டே வருவார்.

“இடைகழி வடக்கே அறுபது அடி செல்லுகிறது, பின் வலப்புறம் திரும்புகிறது” என்று சொல்லக் கேட்டு வரைவது எளிதுபோலத் தோன்றும். நான்கைந்து திருப்பங்கள் கழிந்த பின் அதன் அருமை விளங்கும். மேலும், அந்த முதல் விதிநூல்களே வரைபவரை ஏமாற்றும் தந்திரங்களை நடுவருக்குக் கற்றுக் கொடுத்தன. நடப்பவர் உணராதபடி மெல்லச் சரிந்து கீழ்த்தளத்திற்கு இறங்கும் வழிகள், ஆட்களோடு கீழே அமிழும் அறைகள் முதலியன அவற்றுள் சில. அதற்கு மாற்றும் உண்டு. குள்ளர் இனத்துப் பாத்திரம் ஒன்று கூட இருந்தால் சரிவான வழியையும் நகரும் சுவரையும் கண்டுகொள்ளும். எல்ஃப் என்னும் வனதேவதை இனத்தார் இரகசியக் கதவுகளை எளிதில் கண்டறிவர். ஆகவே படத்தைப் பற்றிய அறிவே அங்கு ஒரு செல்வமாக இருந்தது. அதை உழைத்துப் பெற வேண்டும், தவறாகவும் பெறக்கூடும்.

காலப்போக்கில் பலர் மேசைமேல் பெரிய படத்தை விரித்துப் பொம்மைக் காய்களை நகர்த்தத் தொடங்கினர். அப்பொழுது நடுவர் படத்தின்மேல் காகிதத் துண்டுகளைப் பரப்பி, கதவு திறக்கத் திறக்க ஒவ்வொன்றாக எடுப்பார். மின்விசிறி ஓடும் அறையில் இது எத்தகைய சங்கடம் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தச் சங்கடத்தைத் தீர்க்க வந்தவை கணினி மேசைகள். ‘ஃபேன்டசி கிரவுண்ட்ஸ்’ 2004-இலும், ‘ரோல் டுவென்டி’ 2012-இலும், ‘ஃபவுண்டரி’ 2020-இலும் வெளிவந்தன. வெவ்வேறு ஊர்களில், ஏன், வெவ்வேறு நாடுகளில் இருப்பவர்கள் இவற்றின் வாயிலாக ஒரே படத்தைச் சுற்றி அமர்ந்து ஆடுகிறார்கள். 2020-இல் நோய்த்தொற்றினால் வீடுகள் அடைபட்டபோது இவற்றை நாடியவர் பலர். பகடை உருட்டுவதும் கணக்குப் பார்ப்பதும் இவை செய்யும் சிறு வேலைகள். படத்தை மறைப்பதும் திறப்பதுமே இவற்றின் தனிச்சிறப்பு என்பது என் கருத்து.

மறைக்கும் முறைகள் இரண்டு. முதலாவது, கையால் திறப்பது. படம் முழுவதும் கறுப்புத் திரையால் மூடப்பட்டிருக்கும். பாத்திரங்கள் ஓர் அறையினுள் நுழைந்ததும் நடுவர் அந்த அறையின் அளவுக்குச் சதுரமாகவோ கோணலாகவோ ஒரு கோடு சுற்றினால் அப்பகுதி மட்டும் வெளிப்படும். காகிதத் துண்டின் நேரான வாரிசு இது.

இரண்டாவது முறையில் இயந்திரமே பார்வையைக் கணக்கிடுகிறது. நடுவர் படத்திலுள்ள சுவர்களின்மேல் கண்ணுக்குத் தெரியாத கோடுகளை முன்கூட்டியே இழுத்து வைப்பார். காய் நிற்கும் இடத்தைக் கண்ணாகக் கொண்டு, அங்கிருந்து ஒவ்வொரு சுவரின் முனையையும் நோக்கிக் கணினி ஒரு கதிரைச் செலுத்தும். கதிர் எந்தச் சுவரில் முதலில் முட்டுகிறதோ அதுவே பார்வையின் எல்லை. இவ்வாறு முட்டிய புள்ளிகளையெல்லாம் கோண வரிசையில் சேர்த்தால் ஒரு பலகோண வடிவம் கிடைக்கும். அதனுள் இருப்பது தெரியும், வெளியே இருப்பது தெரியாது. காய் ஒரு கட்டம் நகர்ந்ததும் கணக்கு மறுபடியும் தொடங்கும். சில மேசைகளில் கோடுகளுக்கும் குணபேதம் உண்டு. ஜன்னலுக்கு இட்ட கோடு பார்வையை விடும், ஆளை விடாது. சாத்திய கதவு இரண்டையும் விடாது. இரகசியக் கதவோ ஆடுபவருக்குச் சுவராகவும் நடுவருக்குக் கதவாகவும் தோன்றும்.

ஓர் உதாரணம் கூறுவோம். 2014-ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிப்படி படத்தின் ஒரு கட்டம் ஐந்து அடி. தீப்பந்தம் இருபது அடி தூரம் நல்ல வெளிச்சமும், அதற்கப்பால் மேலும் இருபது அடி மங்கல் வெளிச்சமும் தரும். அறுபது அடி நீளமுள்ள இருண்ட இடைகழி ஒன்றின் வாயிலில் பந்தம் ஏந்திய மனிதன் நிற்கிறான். அருகில் எல்ஃப் பெண் ஒருத்தி நிற்கிறாள். மனிதனாக ஆடுபவர் எட்டுக் கட்டங்கள் வரை காண்பார். எல்ஃப் இனத்தாருக்கு இருளிலும் அறுபது அடி வரை பார்வை உண்டாகையால், அவளாக ஆடுபவர் பன்னிரண்டாவது கட்டத்தில் எலும்புக் கூடு ஒன்று சாய்ந்திருப்பதைத் தம் திரையில் காண்பார். ஒரே படம், ஒரே நேரம், இரண்டு திரைகளில் இரண்டு உண்மைகள். பழைய மேசையில் இது இயலாதது. அங்கே நடுவர் ஒருவரின் காதில் கிசுகிசுத்தால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். இங்கே அவள் கண்டதைத் தோழனுக்குச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம். ஆட்டத்தின் சுவை இத்தகைய இடங்களில்தான் ஊறுகிறது.

படத்திற்கு இவ்வகையில் மூன்று நிலைகள் உண்டாகின்றன: இன்னும் காணாத கறுப்பு; முன்பு கண்டு இப்போது கண் எட்டாத சாம்பல்; இப்போது காணும் வெளிச்சம். 1995-இல் வந்த ‘வார்கிராஃப்ட்’ இரண்டாம் பாகம் போன்ற கணினிப் போர் விளையாட்டுகளில் பலர் இதனைக் கண்டிருப்பர். சாம்பல் நிலை நுட்பமானது. அங்கே சுவர் இருந்தது நினைவிருக்கிறது. ஆனால் இப்பொழுது அங்கே யார் வந்து நிற்கிறார் என்பது தெரியாது. நினைவையும் பார்வையையும் பிரித்துக் காட்டும் ஏற்பாடு அது.

இவ்வளவு செய்தும் இரகசியம் கசியும் வழிகள் பல. சுற்றிலும் அறைகள் வெளிப்பட்டு நடுவே ஒரு கறுப்புச் சதுரம் மட்டும் மிஞ்சியிருந்தால், அங்கே மறைவறை உண்டென்பதை ஊகிக்க வனதேவதையின் கண் வேண்டியதில்லை. மறைப்பே காட்டிக் கொடுத்துவிடும். படத்தைக் கிழக்கே நகர்த்திப் பார்த்தால் கறுப்பு வெகுதூரம் நீளுவதைக் கண்டு, “மாளிகை அந்தப் பக்கம்தான்” என்று ஒருவர் சொல்லுவார். காயை மூலைவரை இழுத்து, எட்டிப் பார்த்துவிட்டு, “கை தவறிவிட்டது” என்று பின்னுக்கு வைப்பவரும் உண்டு. ஆகையால் சில நடுவர்கள் காயை நிலைநிறுத்திய பிறகே திரை விலகும்படி அமைத்துக்கொள்வர். படம் முழுவதும் ஆடுபவரின் கணினிக்கு வந்து சேர்ந்து, அதன்மேல் கறுப்பு மட்டும் பூசப்படுமானால், சற்றே விஷயம் தெரிந்தவர் பூச்சுக்கு அடியில் உள்ளதை எடுத்துப் பார்த்துவிடலாம். படக்கோப்புக்கு ‘வேதாளத்தின் குகை’ என்று பெயரிட்டுவிட்டுக் குகையை மறைப்பதில் என்ன பயன்?

இத்தனை பிரயாசை எதற்கு என்று கேட்கலாம். மறைப்பது ஏமாற்றுவதற்காக அன்று. ஆடுபவர் செய்யும் தேர்வுக்கு மதிப்பு உண்டாவதற்காக. இரண்டு கதவுகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். இடப்பக்கத்து அறையில் பறவைநாகம் படுத்திருப்பது படத்தில் தெரிந்தால், வலக்கதவைத் திறப்பதில் துணிவும் இல்லை, அறிவும் இல்லை. அதற்காக இரண்டையும் முழு இருளில் வைத்து, “எதைத் திறக்கிறீர்கள்?” என்று கேட்டால், அது நாணயத்தைச் சுண்டிப் போடுவதற்குச் சமம். அங்கும் தேர்வு என்பது இல்லை. இடக்கதவின் அடியில் வெப்பக் காற்று வீசுகிறது, கைப்பிடி கருகியிருக்கிறது, வலக்கதவுக்குப் பின் நீர் சொட்டும் ஓசை கேட்கிறது என்று சொன்னால்தான் ஆடுபவர் கூடி ஆலோசிப்பார்கள். அவர்கள் தவறாகவே முடிவு செய்யட்டும், முடிவு அவர்களுடையதாகிவிடும்.

இந்த வெப்பத்தையும் ஓசையையும் இயந்திரம் தராது. அது கண் ஒன்றையே அறியும். மூக்கும் காதும் அதற்கு இல்லை. ஆகவே தானியங்கிப் பார்வையை முற்றிலும் நம்பிய நடுவர், கதவு திறந்ததும் படம் தானே பேசிக்கொள்ளும் என்று மௌனமாகிவிடுவதுண்டு. ஆடுபவர்களும் கேட்பதை விட்டுவிட்டுக் காயை இழுப்பதிலேயே மூழ்கிவிடுவர். அனுபவம் மிக்க பலர் இக்காரணத்தால், திரையை விலக்குமுன் இரண்டு வாக்கியங்களாவது பேசிவிடுகிறார்கள். முதலில் சொல், பிறகு படம். படம் வந்துவிட்டால் சொல்லை எவரும் கேட்பதில்லை.

மறைக்கக் கூடாதவற்றை மறைப்பதும் ஒரு குற்றமே. தான் பிறந்து வளர்ந்த ஊரின் தெருக்கள் ஒரு பாத்திரத்திற்குத் தெரியாமல் இருக்குமா? அவ்வூர்ப் படத்தையும் கறுப்பால் மூடி, அடியடியாகத் திறந்து காட்டுவது பொருந்தாது. கோட்டையின் கோபுரம் பத்துக் கல் தொலைவிலிருந்தே தெரியும். அதன் உள்ளறைகள் தெரியா. கடைத்தெருவில் கேட்ட வதந்தியை நம்பிச் செல்பவருக்கு, அந்த வதந்தியையே ஒரு படமாக, பிழைகளோடு வரைந்து கொடுத்துவிடலாம். பிழை எது என்பதைக் காட்டில் நடந்து கண்டுகொள்ளட்டும். கறுப்புக்கும் வெளிச்சத்துக்கும் இடையில் இத்தகைய அரைகுறை அறிவுக்கு எந்த இயந்திரமும் இன்னும் தனியாக ஒரு நிறம் வைக்கவில்லை; நடுவர்தான் வரைந்துகொள்ள வேண்டும்.

தானியங்கிப் படம் ஒருபோதும் தவறாது என்பதும் ஒரு குறையாகவே சிலருக்குப் படுகிறது. கேட்டு வரைந்த பழைய தாளில் ஓர் அறை இன்னோர் அறையின்மேல் ஏறி நிற்கும். அந்த முரண்பாட்டைக் கண்டு, “வழியில் ஏதோ சரிவு இருந்திருக்க வேண்டும்” என்று ஒருவர் துள்ளி எழுவார். அந்த மகிழ்ச்சியை விரும்புகிறவர்கள் கணினி மேசையிலும் படத்தை அடியோடு நீக்கிவிட்டு, வெறும் கட்டத் தாளை மட்டும் விரித்து, ஆடுபவரையே வரையச் செய்கிறார்கள். சண்டை மூளும் இடத்துக்கு மட்டும் படத்தை வெளியே எடுக்கிறார்கள்.

கதை முடிந்த இரவில் சில நடுவர்கள் கறுப்பு முழுவதையும் ஒரே சமயத்தில் விலக்கிவிடுவார்கள். திறவாத கதவுகளும், எட்டடி தொலைவில் தவறவிட்ட மறைவறையும் எல்லார் திரையிலும் தெரியவரும். பேச்சு நெடுநேரம் நீளும். வேறு சிலர் அவ்விதம் செய்வதில்லை. அந்த நிலவறைக்கு அடுத்த ஆண்டில் வேறொரு கூட்டம் வரக்கூடும் என்பது அவர்கள் எண்ணம்.