நிலாவில் காற்று கண்டவர்

கைப்பர் பட்டையைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நெப்டியூனுக்கு அப்பால் புளூட்டோவும் அதன் பனிச் சொந்தங்களும் சுற்றிவரும் வட்டாரம் அது. வேடிக்கை என்னவென்றால், அப்படியொரு கூட்டம் ஆதியில் இருந்திருந்தாலும் இந்நேரம் சிதறிப் போயிருக்கும் என்ற கருத்தில் 1951இல் எழுதியவர்தான் ஜெரார்ட் கைப்பர். இல்லை என்றதற்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. இருக்கிறது என்று கண்டுபிடித்துக் கொடுத்த காற்றுக்கு அவர் பெயர் இல்லை.

1905இல் நெதர்லாந்தில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தவர். சாதாரணக் கண்ணுக்கு எட்டாத மங்கலான விண்மீன்களையும் தொலைநோக்கி இல்லாமலே பார்த்துவிடுவார் என்பார்கள். லைடனில் படித்து, 1933இல் அமெரிக்கா போனார். அப்போதைய வானியலாளர்கள் பலருக்குக் கோள்கள் என்றால் இளக்காரம். விண்மீன் ஆராய்ச்சிதான் பெரிய வேலை. போதாக்குறைக்குச் செவ்வாயில் கால்வாய்கள் உண்டு என்ற கதைகள் வேறு அந்தத் துறையின் மானத்தை வாங்கியிருந்தன. கைப்பரும் இரட்டை விண்மீன்களில்தான் தொடங்கினார்.

1943-44 குளிர்காலம். உலகப் போர் நடக்கிறது. ஹார்வர்டில் எதிரியின் ராடாரைக் குழப்பும் ஆராய்ச்சியில் இருந்த கைப்பர், கொஞ்ச நாள் விடுப்பு வாங்கிக்கொண்டு டெக்சாஸில் உள்ள மெக்டொனால்ட் வானாய்வகத்துக்குப் போகிறார். அங்கே 82 அங்குலத் தொலைநோக்கி. பெரிய துணைக்கோள்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.

துணைக்கோளுக்குச் சொந்த ஒளி கிடையாது. அதன்மேல் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியைக் குறுகிய பிளவு வழியே விட்டு, நிறம் நிறமாகப் பிரித்துப் புகைப்படத் தகட்டில் பதிப்பார்கள். வழியில் வாயு இருந்தால் தனக்கென்று உள்ள சில நிறங்களை அது விழுங்கிவிடும். நிறமாலையில் அந்த இடங்கள் இருண்டு போகும். சனியின் டைட்டனில் சிவப்புப் பக்கம் அப்படிச் சில இடங்கள் கடிபட்டிருந்தன. நம் சாண எரிவாயு அடுப்பில் எரிகிற அதே மீத்தேனின் பல்தடம்! வியாழனிலும் சனியிலும் அதை ஏற்கெனவே கண்டிருந்தார்கள். ஒரு நிலாவில் காண்பது அதுவே முதல் தடவை. நம் நிலாவின் ஈர்ப்புக்கும் குறைவான ஈர்ப்புள்ள டைட்டனில் காற்று எப்படித் தங்கியது? குளிர்தான் காரணம். அந்தக் குளிரில் வாயு மூலக்கூறுகள் மெதுவாகவே ஓடுகின்றன; தப்பிப்போக வேகம் போதாது.

அடுத்தது செவ்வாய். 1947இல், போர்க்காலத்தில் ராணுவத்துக்காக வளர்த்தெடுத்த காரீய சல்பைடு உணரியைக் கொண்டு அகச்சிவப்பில் பார்த்தார். அங்கே ஒரு சிக்கல். நம் தலைக்கு மேலேயே கார்பன் டை ஆக்சைடு இருக்கிறது. தெரிவது செவ்வாயுடையதா, டெக்சாஸுடையதா? கைப்பர் நம் நிலாவைச் சாட்சிக்கு அழைத்தார். நிலாவில் காற்று இல்லை. அதன் ஒளியில் தெரியும் கார்பன் டை ஆக்சைடு முழுக்க நம்முடையது. அதே உயரத்தில் செவ்வாய் நிற்கும்போது பார்த்தால் இருள் இன்னும் அழுத்தமாக இருந்தது. அந்த உபரி செவ்வாயின் சொத்து. கருவியைவிட எனக்குப் பிடித்தது இந்தக் கழித்தல் கணக்குதான்.

நம் காற்றோடு அவருக்குக் கடைசிவரை மல்லுக்கட்டு. அகச்சிவப்பை மறிக்கும் நீராவிக்கு மேலே போக வேண்டும் என்று 1964இல் ஹவாயின் மௌனா கியா சிகரத்தைச் சோதித்துப் பார்த்தார். 1967இல் ஜெட் விமானத்திலேயே கருவியை ஏற்றினார். வெள்ளியின் மேகங்களுக்கு மேலே நீராவி மிகமிகச் சொற்பம் என்று தெரிந்தது. இதற்கெல்லாம் முன்பே, 1960இல் அரிசோனாவில் கோள்களுக்கென்றே ஓர் ஆய்வகம் தொடங்கியிருந்தார். வானியலாளர் கார்ல் சேகன் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர்.

1973இல் கைப்பர் காலமானார். டைட்டனின் காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன், தரையில் அதன் அழுத்தம் நம்முடையதைப்போல் ஒன்றரை மடங்கு என்பதெல்லாம் 1980இல் வாயேஜர் 1 போன பிறகு தெரிந்த செய்தி. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற ஆய்வுக்கலம் அங்கே இறங்கியது. டைட்டனை 1655இல் கண்டுபிடித்த இன்னொரு டச்சுக்காரரின் பெயர் அது. ஆரஞ்சு மூட்டத்துக்குள் பாராசூட்டில் தொங்கியபடி, ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆடி அசைந்து இறங்கியது. அந்தப் பாராசூட்டைத் தாங்கிப் பிடித்தது, கைப்பர் விடுப்பில் வந்து பார்த்துவிட்டுப் போன காற்று.