எரிபொருள் பீச்சியின் மின்பழுதுகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

புனே–மும்பை நெடுஞ்சாலையும் நாசிக் சாலையும் கூடுமிடத்தில் உள்ள கசார்வாடி, பிம்ப்ரி–சிஞ்ச்வட் தொழிற்பகுதியைச் சேர்ந்தது. மோட்டார்த் தொழில் செழித்துள்ள இத்தகைய ஊர்களில் பழுது பார்ப்போரின் பணி அண்மையில் பெரிதும் மாறியுள்ளது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. அதன்பின் பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களிலும் கார்புரேட்டரின் இடத்தை, இன்ஜெக்டர் எனப்படும் எரிபொருள் பீச்சி பெற்றுவிட்டது.

பீச்சியின் அமைப்பு எளியது. அதனுள் ஒரு கம்பிச்சுருள் உள்ளது. மின்னோட்டம் பாய்ந்ததும் அது காந்தமாகி ஊசிவால்வை உயர்த்துகிறது. சில மில்லி செகண்டு நேரம் பெட்ரோல் நுண்திவலைகளாக வெளிப்படுகிறது. சுருளின் ஒரு முனைக்கு ரிலே வழியாக 12 வோல்ட் மின்னழுத்தம் வருகிறது. மறுமுனையைப் பூமியிணைப்புடன் சேர்ப்பதும் பிரிப்பதும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் வேலையாகும்.

எஞ்சின் அதிர்ந்து ஓடும்போது சோதனைக் கருவியில் ‘பி 0201’ என்னும் குறி தோன்றலாம். அது முதற் சிலிண்டரின் பீச்சிச் சுற்றில் பழுது என்பதையே தெரிவிக்கிறது. பீச்சிதான் பழுதென்று கூறவில்லை. இவ்வேறுபாட்டை உணராதோர் நல்ல பீச்சியை அகற்றிப் புதியதற்குப் பணம் செலவிடுகின்றனர், பழுதோ நீங்குவதில்லை.

ஆதலின் சோதனையை எளியதிலிருந்து தொடங்குதல் வேண்டும்.

முதலாவது, இணைப்பியைக் கழற்றிப் பார்த்தல். மழைக்காலத்தில் ஈரம் புகுந்து அதன் முனைகளில் களிம்பேறியிருக்கக் கூடும்.

இரண்டாவது, மின்வரவை அளத்தல். எல்லாப் பீச்சிகளுக்கும் 12 வோல்ட் வரவில்லையெனில் ஃபியூஸையும் ரிலேயையும் ஆராய வேண்டும்.

மூன்றாவது, சாவியை அணைத்து, இணைப்பியைக் கழற்றியபின் சுருளின் மின்தடையை அளத்தல். பெரும்பாலான பெட்ரோல் பீச்சிகளில் அது 11 முதல் 16 ஓம் வரை இருக்கும். அளவற்ற தடை, கம்பி அறுந்ததையும், மிகக் குறைந்த தடை, சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டதையும் காட்டும். உற்பத்தியாளர் தரும் அளவே முடிவானது.

நான்காவது, பீச்சிக்குப் பதிலாக இணைப்பியில் சிறு எல்.இ.டி. சோதனை விளக்கைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றுதல். விளக்கு மின்னினால் சைகை வருகிறது. மின்னாவிடில் கம்பியிலோ பெட்டியிலோ குறையுண்டு. விளக்கு இடைவிடாது எரிந்தால் கம்பி பூமியைத் தொட்டிருக்கலாம். அந்நிலையில் பீச்சி மூடாமல் பெட்ரோலைப் பொழிய, சிலிண்டர்ச் சுவரிலுள்ள மசகெண்ணெய் கழுவப்பட்டு எஞ்சின் தேயும். மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும் இழைவிளக்கைப் பயன்படுத்தினால் பெட்டியின் டிரான்சிஸ்டர் கெடக்கூடும்.

டீசல் காமன் ரயில் எஞ்சின்களுக்கு இம்முறை பொருந்தாது. அவற்றின் பீச்சிகளில் உயர்ந்த மின்னழுத்தமும், குழாய்களில் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தமும் இருப்பதால் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

ஆசிரியர்கள் ஓம் விதியை விளக்குவதற்கும் இது ஏற்ற எடுத்துக்காட்டாகும்: 12 வோல்ட்டை 12 ஓமால் வகுத்தால் 1 ஆம்பியர். களிம்பால் மேலும் 12 ஓம் சேர்ந்தால் அது அரை ஆம்பியராகக் குறையும். சுருளில் குறையின்றியே வால்வு திறவாது போகலாம்.