குரல் இருக்கிறது, மெஷின் பேசவில்லை!

பழைய டேப் ரிக்கார்டரைப் பழுது பார்ப்பது எப்படி?

தென்காசி, கடையநல்லூர் பக்கத்து வீடுகளில் பீரோவின் மேல் ஒரு பெரிய பெட்டி இருக்கும். இரண்டு பக்கமும் ஸ்பீக்கர். நடுவில் கேசட் போடும் கதவு. மேலே ரேடியோ முள். தூக்கிச் செல்லக் கைப்பிடி. 'டூ-இன்-ஒன்' என்பார்கள், டேப் ரிக்கார்டர் என்றும் சொல்வார்கள். அதன் பக்கத்திலேயே ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்துப் பன்னிரண்டு கேசட்டுகளும் இருக்கும்.

அவற்றில் எல்லாமே சினிமாப் பாட்டு அல்ல. ஒன்றிரண்டில் வீட்டு மனிதரின் குரல் இருக்கிறது!

கடிதம் பேசியது

இந்தப் பக்கத்து மக்கள் கடல் கடந்து பிழைக்கப் போனது பழைய கதை. சிங்கப்பூர் சென்ற கடையநல்லூர் முஸ்லிம்கள் 1946-ஆம் ஆண்டிலேயே அங்கே உமறுப் புலவர் பெயரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் நிறுவினார்கள். பின்னால் துபாய், சவுதி, குவைத் என்று பயணம் திரும்பியது. ஊர் திரும்பும்போது கையில் ஒரு டேப் ரிக்கார்டர் இருக்கும். நேஷனல் பானசோனிக், சான்யோ, ஷார்ப் என்று ஜப்பான் பெயர்கள் வீட்டுக்கு வீடு பழக்கமாயின.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்கு டெலிபோன் பேசுவது பெரும் செலவு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கடிதத்துக்கு இன்னொருவரை நம்ப வேண்டும். கேசட் வந்தது, கவலை தீர்ந்தது! அங்கே இருப்பவர் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவரிடம் கொடுத்து அனுப்புவார். இங்கே வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். பதிலும் அதே கேசட்டில் போகும்.

பேசியவர்களில் பலர் இன்று இல்லை. கேசட் இருக்கிறது. ஆனால், மெஷின் ஓடவில்லை. அதை எப்படிப் பழுது பார்ப்பது என்ற புத்தகமும் இல்லை. "அண்ணாச்சி, இது இனிமேல் ஓடுமா?" என்று கேட்டால், "புது செட் வாங்கிக்கோங்க" என்பதே பல கடைகளில் பதில்.

ஓடும்! புத்தகம் இல்லாமலே பெரும்பாலான பழுதுகளைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு வேண்டியது பொறுமையும் வரிசையும்தான்.

கோட்டுப் பையும் கேசட்டும்

பிலிப்ஸ் கம்பெனி 1963-ஆம் ஆண்டு பெர்லின் ரேடியோ கண்காட்சியில் கேசட்டை முதன்முதலாகக் காட்டியது. அதை உருவாக்கிய குழுவின் தலைவர் லூ ஓட்டன்ஸ் என்ற இஞ்சினீயர். கருவி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று பார்க்க, தன் கோட்டுப் பைக்குள் அடங்கும்படி ஒரு மரக்கட்டையைச் செய்து வைத்துக்கொண்டாராம்! 2021-ல், 94-ஆவது வயதில் அவர் காலமானார்.

அதே 1963-ஆம் ஆண்டில்தான் திருநெல்வேலி வானொலி நிலையமும் தொடங்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1966-ல், பிலிப்ஸ் ரேடியோவையும் கேசட்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்தது.

சாரல் செய்த வேலை

குற்றாலத்தில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை சீசன். ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும், சாரல் பெய்யும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிக்க வருகிறவர்களுக்கு அது ஆனந்தம். டேப் ரிக்கார்டருக்கோ அதுவே பகை! ஈரம் பட்டால் சுவிட்சின் உலோகத் தகடுகள் கறுக்கும். பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சை பூக்கும். கேசட் நாடாவில் வெள்ளைப் பூசணம் படரும். ஆக, பல மெஷின்கள் கெட்டுப் போகவில்லை. அழுக்கடைந்து, துருப்பிடித்துப் பேசாமல் இருக்கின்றன.

பிளக்கைச் சொருகாதீர்கள்!

பெட்டியை இறக்கியதும் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதே பலர் செய்யும் தவறு. முதலில் பின்பக்கம் பாருங்கள். 110, 220 என்று எழுதிய சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கலாம். சவுதியில் வெகுகாலம் வீடுகளுக்கு 127 வோல்ட் மின்சாரம் இருந்தது. அங்கே ஓடிய பெட்டியின் சுவிட்ச் 110 பக்கம் இருக்கக்கூடும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மாற்றாமல் சொருகினால் டிரான்ஸ்பார்மர் கருகிவிடும்!

அடுத்து, பேட்டரி அறையைத் திறந்து, கசிந்து காய்ந்த உப்பைச் சுரண்டி, ஸ்பிரிங்குகள் பளபளக்கும்படி உப்புத்தாளால் தேயுங்கள். ஆறு பெரிய பேட்டரிக் கட்டை போடும் செட் என்றால் 9 வோல்ட். புதிய கட்டைகளைப் போட்டு அதில் ஓட்டிப் பாருங்கள். ஷாக் அடிக்கும் அபாயம் இல்லை. பேட்டரியில் ஓடி, மின்சாரத்தில் ஓடவில்லை என்றால் கோளாறு வயரிலோ, டிரான்ஸ்பார்மரிலோ, அதை அடுத்த டயோடுகளிலோ இருக்கிறது. மின்சாரப் பகுதியில் பழகாதவர்கள் கை வைக்கக் கூடாது. அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

ரேடியோ சொல்லும் செய்தி

இப்போது ரேடியோவைப் போடுங்கள். நிலையம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. 'உஸ்' என்ற இரைச்சல் கேட்டாலே போதும். ஒலியைப் பெருக்கும் பகுதியும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். பழுது கேசட் பகுதியில்தான்! இந்த ஒரு சோதனையில் பாதிப் பெட்டியை ஒதுக்கிவிட்டோம்.

ஒலி விட்டுவிட்டு வருகிறதா? கரகர என்கிறதா? பேட்டரியை எடுத்துவிட்டு, வால்யூம் குமிழை இருபது முப்பது தடவை முழுதாகத் திருப்புங்கள். உள்ளே பதிவுக்கும் பாட்டுக்கும் மாற்றும் நீளமான சுவிட்ச் ஒன்று உண்டு. அதில் காண்டாக்ட் கிளீனர் திரவத்தை அடித்து, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு பக்கம் பாடாத செட்டுகள் அநேகம் இதிலேயே சரியாகிவிடும்.

அப்படியும் ஒரு ஸ்பீக்கர் பேசவில்லையா? ஸ்டீரியோ செட்டில் இடது பக்கமும் வலது பக்கமும் இரட்டைப் பிள்ளைகள். இங்கே உள்ள ஒவ்வொரு சாமானுக்கும் அங்கே ஒரு ஜோடி உண்டு. நல்ல பக்கத்தில் மீட்டர் வைத்து அளக்க வேண்டும். கெட்ட பக்கத்தில் அதே இடத்தை அளக்க வேண்டும். எங்கே எண் மாறுகிறதோ, அங்கே கோளாறு! புத்தகம் இல்லாவிட்டால் என்ன? நல்ல பக்கமே புத்தகம். பெருக்கும் ஐ.சி.யின் முதுகில் கே.ஏ. 2206 என்பது போல ஓர் எண் அச்சிட்டிருக்கும். செட்டின் புத்தகம் கிடைக்காவிட்டாலும், அந்த எண்ணுக்கு உரிய விவரத்தாள் கிடைக்கும்.

நாடாவைத் தின்னும் பெட்டி

மோட்டார் சுற்றும் சத்தம் கேட்கிறது, கேசட் நகரவில்லை. காரணம் பெரும்பாலும் ரப்பர் பெல்ட். வயதானால் அது தொய்யும். சிலவற்றில் தார் போல உருகி ஒட்டியும் இருக்கும். ஸ்பிரிட் தொட்ட துணியால் அதைத் துடைத்தெடுங்கள். பழைய பெல்ட் போன வழியைக் கழற்றுவதற்கு முன்பே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புது பெல்ட்டின் அளவு தெரியாதா? சக்கரங்களைச் சுற்றி ஒரு நூலை இட்டு அளவெடுங்கள். நூல் 20 சென்டிமீட்டர் என்றால், சுற்றளவு 19 சென்டிமீட்டர் உள்ள பெல்ட் வாங்குங்கள். கொஞ்சம் இறுக்கம் வேண்டும்.

நாடா உரசும் ஹெட்டில் பழுப்பு அழுக்கு படிந்தால் குரல் மங்கும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம். ரப்பர் உருளைக்குச் சோப்புத் தண்ணீர் போதும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள திருகைக் காரணமில்லாமல் திருப்ப வேண்டாம்.

வேகத்தையும் சோதிக்கலாம். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். உதவாத கேசட் ஒன்றின் நாடாவில் 47.6 சென்டிமீட்டர் தூரத்தில் இரண்டு புள்ளி வையுங்கள். ஒரு புள்ளி ஹெட்டைத் தாண்டி, மற்றது தாண்டச் சரியாகப் பத்து நொடி ஆக வேண்டும். வேறுபாடு இருந்தால், பல மோட்டார்களின் பின்பக்கத் துவாரத்துக்குள் உள்ள சிறு திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

வீட்டுக் குரல் கடைசியில்!

மெஷின் ஓடுகிறது என்றதும், அந்த அருமையான கேசட்டை உடனே போட்டுவிடாதீர்கள். நாடாவைச் சுருட்டும் சக்கரம் சரியாகச் சுற்றாவிட்டால், நாடா வெளியே வந்து சிக்கி அறுந்துவிடும். போனாலும் பரவாயில்லை என்ற ஒரு கேசட்டை முதலில் இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள்.

கேசட்டின் முதுகில் இரண்டு சிறிய பிளாஸ்டிக் பல் இருக்கும். இரண்டையும் உடைத்துவிடுங்கள். அவை இருக்கும்வரை, தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினால் பழைய குரல் அழிந்துவிடும். அழிந்த குரலை எந்த மெக்கானிக்காலும் திருப்பித் தர முடியாது! பூசணம் பிடித்த நாடாவையும் அப்படியே ஓட்டக் கூடாது. அது ஹெட்டையும் கெடுக்கும், மற்ற கேசட்டுகளுக்கும் பரவும். வெயிலில் வைக்காமல் நிழலில் காயவைத்து, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வாங்கிய பொருளைப் பழுது பார்க்கும் வசதி மக்களுக்கு வேண்டும் என்ற எண்ணம் இன்று உலகெங்கும் வளர்கிறது. மத்திய அரசும் இதற்காக 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. நல்ல செய்திதான். ஆனால், அதற்காகப் பிஸ்கட் டப்பாவில் உள்ள நாடா காத்திருக்காது. ஒவ்வொரு சாரலும் அதைக் கொஞ்சம் அரித்துக்கொண்டே போகும்.

மெஷின் பேசத் தொடங்கியதும், இயர்போன் துவாரத்திலிருந்து ஒரு வயரைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, குரலைப் பிரதி எடுங்கள். ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பேசுகிறவர் யார், எந்த ஆண்டு, யாருக்காகப் பேசினார் என்பதையும் எழுதி வையுங்கள். அந்தக் குரலை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.