குருதியேற்றத்தில் வெள்ளணுக்கள்: எதிர்வினையின் திசையும் கலைச்சொல்லாக்கமும்

ஒருவர் குருதியைப் பிறர்க்கு ஏற்றும்போது, அதிலுள்ள வெள்ளணுக்களால் சில தடுப்பாற்றல் விளைவுகள் தோன்றுகின்றன. மொழிபெயர்ப்பில் இவையனைத்தையும் ‘ஒவ்வாமை’ எனக் குறிப்பது பொருந்தாது. குருதியேற்றத்தில் அரிப்பும் தடிப்புமாகத் தோன்றும் ஒவ்வாமை, பெரும்பாலும் பிளாஸ்மாப் புரதங்களால் விளைவது. வெள்ளணு விளைவுகளோ வேறானவை. தாக்கும் திசையால் இருவகைப்படுபவை.

முதல் வகையில் தாக்குவது பெறுநரின் உடல். வெள்ளணுக்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. எனப்படும் ஆன்டிஜென்கள் உள்ளன. இவற்றுள் முதலாவதை 1958இல் விளக்கிய ழான் டோசே 1980இல் நோபல் பரிசு பெற்றார். கருவுற்றவரிடத்தும் முன்னரே குருதி ஏற்றப்பட்டவரிடத்தும் இவற்றிற்கு எதிர்ப்பொருள்கள் உருவாகக்கூடும். அவை கொடையாளரின் வெள்ளணுக்களைத் தாக்குங்கால் நடுக்கமும் காய்ச்சலும் உண்டாகின்றன. குருதித்தட்டுகளிலும் இவ்வகை ஆன்டிஜென்கள் இருத்தலால், பின்னர் ஏற்றப்படும் தட்டுகளும் பயனின்றி அழியலாம்.

இரண்டாம் வகையில் கொடையாளரின் லிம்போசைட்டுகள் பெறுநரின் உடலில் பெருகி, தோல், குடல், கல்லீரல், எலும்பு மச்சை ஆகியவற்றைத் தாக்குகின்றன. தடுப்பாற்றல் குன்றியோர்க்கும், நெருங்கிய உறவினரின் குருதியைப் பெறுவோர்க்கும் இவ்விடர் மிகுதி. உறவினரின் எச்.எல்.ஏ. அமைப்பு ஒத்திருப்பதால், வந்த அணுக்களைப் பெறுநரின் உடல் அயலெனக் கண்டு அழிப்பதில்லை. அரிதாயினும், இந்நோயுற்றோருள் 90 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். இதனை ‘ஒட்டு நிராகரிப்பு’ என்றால் பொருள் தலைகீழாகும். ‘ஒட்டு–பெறுநர் நோய்’ என உருபும் வினையும் தொகுமாயின் தாக்குவது எது என்பது விளங்காது. ‘ஒட்டு பெறுநரைத் தாக்கும் நோய்’ என விரித்தலே தக்கது.

தடுப்புமுறைகளும் இரண்டு. வடிகட்டுதலால், ஓர் அலகுக் குருதியிலுள்ள ஏறத்தாழ 100 கோடி வெள்ளணுக்கள், அமெரிக்க அளவுகோலின்படி, 50 இலட்சத்திற்கும் கீழாகக் குறைக்கப்படுகின்றன. இது காய்ச்சலையும் எதிர்ப்பொருள் உருவாதலையும் குறைக்கும். எனினும் எஞ்சிய அணுக்களே இரண்டாம் வகை நோய்க்குப் போதுமானவை ஆகலாம். அதனைத் தடுக்க 25 கிரே அளவில் கதிரூட்டி, லிம்போசைட்டுகள் பெருகாதவாறு செய்வர். கதிரூட்டல் அணுக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதில்லை. ஆதலின் காய்ச்சலைத் தடுப்பதுமில்லை.

எனவே இரண்டையும் ‘தூய்மையாக்கிய குருதி’ என ஒன்றாக்குதல் நோயாளிக்குத் தீங்காய் முடியலாம். ‘வெள்ளணு நீக்கிய குருதி’ என்பதும் முற்றிலும் நீங்கியதாகப் பொருள் தரும். ‘வெள்ளணு குறைத்த குருதி’, ‘கதிரூட்டிய குருதி’ எனத் தனித்தனியே வழங்குவதே பொருத்தமாகும்.