பனிச்சரிவை முன்னறிதல்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் பொடித்த ஐஸைக் காணாதார் வடசென்னையில் இலர். பெட்டியில் மூடிவைத்த ஐஸ் துகளோடு துகள் ஒட்டி இறுகும். வெயிலில் கொட்டிய குவியலோ நீர் கசிந்து, பிடிப்பு நெகிழ்ந்து சரியும். இமயத்தில் இதே இயல்பு உயிர்பறிக்கும் பேராற்றலாகிறது. அதுவே பனிச்சரிவு.

பனி காணாத நமக்கு இதனால் ஆவதென்ன என வினவலாம். 2016 பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சினில் ஏறத்தாழ 19,600 அடி உயரத்தில் அமைந்த காவல் முகாமைப் பனி மூடியது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் படைப்பிரிவைச் சார்ந்த பத்து வீரர்களை அது பலிகொண்டது. அவருள் நால்வர் தமிழகத்தார்.

மலைமேற் பனி ஒரே நாளில் படிவதன்று. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகும். இடையே பிடிப்பற்ற மெல்லடுக்கு அமைந்துவிடின், மேலுள்ள பாளம் முழுவதும் நழுவக்கூடும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் இவ்வாபத்து மிகுதி. மேற்பரப்பின் வெண்மை இதனைக் காட்டாது. எனவே வல்லுநர் குழி தோண்டி அடுக்குகளை ஆராய்வர். 30 சென்டிமீட்டர் சதுரப் பனித்தூணைப் பிரித்து, அதன்மேல் மண்வாரியை வைத்து, மணிக்கட்டசைவில் பத்து, முழங்கையசைவில் பத்து, தோளசைவில் பத்து எனத் தட்டுவர். சில தட்டுகளிலேயே தூண் பிளந்து வழுக்குமாயின், அச்சரிவு நம்பத்தக்கதன்று.

வசந்த காலத்திலோ பொழுதே தலையாய அளவுகோல். தெளிந்த இரவில் மேற்பனி உறைந்து இறுகி, விடியலில் நடப்போரைத் தாங்கும். கதிரவன் ஏற ஏற, உருகுநீர் உள்ளிறங்கி அடுக்குகளின் பிணைப்பைத் தளர்த்தும். மேகம் கவிந்த இரவில் பனி நன்கு உறைவதில்லை. ஆதலின் மறுநாட் காலையும் ஐயத்திற்குரியதே. கால் ஆழப் புதைதலும், பனியுருண்டைகள் தாமே உருளுதலும் 'திரும்பிச் செல்க' என்னும் எச்சரிக்கைகளாம்.

2023 ஏப்ரல் 4ஆம் நாள், சிக்கிமின் நாதுலா சாலையில் நண்பகலையொட்டிச் சரிந்த பனி ஏழு சுற்றுலாப் பயணியரின் உயிரைக் குடித்தது. 13ஆம் மைல் வரையே அனுமதி வழங்கப்பட்டதாக அதிகாரிகள் கூறினர். விபத்து நிகழ்ந்ததோ 15ஆம் மைலில்.

சண்டிகரிலுள்ள பாதுகாப்புத் துறை ஆய்வகம் இமயப் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிட்டு வருகிறது. துறைமுகத்தில் புயற்கூண்டு ஏற்றப்படின், கடல் அமைதியாகத் தோன்றினும் அதனை நம்புதல் அறிவுடைமை ஆகாது என்பதை நம் கரையோர மக்கள் அறிவர். வடபுல மலைகளுக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் அவ்வறிவையே உடன்கொண்டு செல்வார்களாக. கண்ணுக்கு இனிய வெண்மையினும் கற்றோர் விடுக்கும் எச்சரிக்கையே நம்பத்தக்கது.