ஆங்கிலத்தில் எதிர்கால நிறைவு

காலம் மூன்று என்பது தமிழிலக்கண நூலார்க்கு ஒப்ப முடிந்தது. ஆங்கிலங் கற்கப் புகும் மாணவனோ, அம்மூன்றும் பலவாய்க் கிளைத்து நிற்கக் கண்டு மயங்குகின்றான். அக்கிளைகளுள் அவனைப் பெரிதும் இடர்ப்படுத்துவது எதிர்கால நிறைவாகும். 1795ஆம் ஆண்டிலே தமது ஆங்கில இலக்கணத்தை வெளியிட்ட லிண்ட்லி மறே இதனை இரண்டாம் எதிர்காலம் என வழங்கினார். 'வில் ஹவ்' என்பதன் பின்னர் வினையின் இறந்தகால எச்சம் வருவதே இதன் அமைப்பு. அமைப்பு எளிது; ஆளுமிடம் அறிதலே அரிது.

இக்காலத்திற்கு எதிர்வில் இரண்டு நிலைகள் வேண்டும். ஒன்று, ஓர் எல்லை. மற்றையது, அவ்வெல்லைக்கு முன்னர் முற்றுப்பெறும் வினை. விருந்தினர் ஒருவர்க்கு, 'ஆறு மணிக்கு நீங்கள் வரும்போது நாங்கள் புறப்படுவோம்' என்று எழுதக் கருதுவோர் 'வீ வில் லீவ்' என்பர். 'புறப்பட்டிருப்போம்' என்பது கருத்தாயின் 'வீ வில் ஹவ் லெஃப்ட்' எனல் வேண்டும். முன்னதை நம்பி வருபவர் உடன்செல்ல ஆயத்தமாய் வருவார். பின்னதே உண்மையாயின், பூட்டிய கதவையே காண்பார்.

எல்லையைக் குறிக்குஞ் சொல்லிலும் கவனம் வேண்டும். 'வெள்ளிக்கிழமைக்குள் முடித்திருப்பேன்' என்பதில் உள்ள 'குள்' என்பதற்கு நிகர் 'பை' என்னும் சொல்லேயாம். 'வெள்ளிக்கிழமை வரை' என்னும் பொருள்தரும் 'டில்' என்பதை ஈண்டுப் பெய்தல் வழு. 'வரை' தொடர்ச்சியைக் காட்டும். 'குள்' முடிவைக் காட்டும். கால அளவு கூறுமிடத்தும் இந்நிறைவே ஏற்றது. வரும் ஆனியோடு ஓராசிரியரின் பணி பத்தாண்டு நிறைவுறுமாயின், அதனை ஆங்கிலத்தில் இவ்வடிவாலேயே உரைத்தல் மரபு.

இனி, மாணவர் அடிக்கடி தவறும் இடம் ஒன்றுண்டு. 'அவன் வேலையை முடித்ததும் வருவான்' என்பதை மொழிபெயர்ப்போர், முடித்தலும் எதிர்காலத்ததே எனக் கருதி, 'வென்' என்பதன் பின்னும் 'வில் ஹவ்' எனப் புணர்ப்பர். பிரெஞ்சு மொழியில் அவ்விடத்து எதிர்கால நிறைவே வரும். ஆங்கிலத்திலோ காலங் குறிக்கும் சார்பு வாக்கியத்தில் அது வாராது. 'ஹஸ் ஃபினிஷ்ட்' என நிகழ்கால நிறைவே நிற்றல் வேண்டும். தலைமை வாக்கியத்தின் எதிர்காலம் சார்பு வாக்கியத்திற்கும் போதுமென்பது அம்மொழியின் மரபு.

இம்மயக்கங்களுக்குத் துணையாவது நம் மொழியின் 'வந்திருப்பார்' என்னும் வடிவம். அது மூன்று பொருளுக்கு உரியது. 'நாளை இந்நேரம் வந்திருப்பார்' என்பது எதிர்கால நிறைவு. 'இப்பொழுது வந்திருப்பார்' என்பது ஊகம். இதற்கும் ஆங்கிலத்தில் 'வில் ஹவ்' பொருந்தும். 'மழை பெய்யாதிருந்தால் நேற்று வந்திருப்பார்' என்பதோ நிகழாத ஒன்று. இதற்கு 'வுட் ஹவ்' என்பதே உரியது. தமிழில் முன்பின் வரும் சொற்கள் பொருளைத் தெளிவிக்கும். ஆங்கிலத்தில் வினைவடிவமே வேறுபடும்.

ஆதலின், 'இருப்பார்' என்னும் ஈற்றைக் கண்டவுடன் மொழிபெயர்க்க விரையாது, எதிர்வில் ஓர் எல்லை உளதா, அதற்கு முன் வினை முடியுமா, அன்றி அது நிகழாத ஒன்றா என மும்முறை வினாவுதல் நன்று. தன் மொழியின் ஒரு வடிவத்துள் அடங்கிய பொருள்களைப் பிரித்தறிந்த மாணவனுக்கு, பிறமொழியின் வடிவங்கள் பலவாயினும் சுமையாகா.